கடல் எப்போதும் இடக்கைப் பக்கம்: திருகோணமலையை அரைநாளில் நடந்து வலம்வர ஒரு முழுமையான வழிகாட்டி

திருகோணமலைக்கு வருகின்றவர்களில் பெரும்பாலோர் கோணேசர் கோவிலடி வரை வாகனத்தில் சென்று, வழிபட்டு, இராவணன் வெட்டை எட்டிப் பார்த்து, ஒரு மணித்தியாலத்துக்குள் நிலாவெளிக்கோ கன்னியா வெந்நீரூற்றுக்கோ புறப்பட்டுவிடுகிறார்கள். அவர்களுடைய நினைவில் இந்த ஊர் ஒரு மலையாகவும் ஒரு கோவிலாகவும் மட்டுமே தங்குகிறது. உண்மையில் நகரின் பழைய பகுதி, மூன்று நீர்களுக்கு நடுவே அகப்பட்ட ஒடுங்கிய நிலம். கிழக்கே டச் பே, வடக்கே பேக் பே, மேற்கே மலைகள் சூழ்ந்த உட்துறைமுகம். இரண்டு குடாக்களுக்கும் நடுவிலிருந்து கடலுக்குள் நீண்டு செல்லும் பாறைமுனைதான் பிரட்றிக் கோட்டை. அதன் நுனியில் எழுந்து நிற்பது சுவாமிமலை. இந்த அமைப்பு நடந்து சுற்றுகிறவருக்கு மட்டுமே பிடிபடும்.

இங்கே சொல்லப்போகும் சுற்று எட்டிலிருந்து ஒன்பது கிலோமீற்றர் இருக்கும். நின்று பார்த்து, கும்பிட்டு, சாப்பிட்டு நடந்தால் ஐந்து மணித்தியாலம் செல்லும். வழி தவறாமலிருக்க நினைவில் வைக்க வேண்டிய விதி ஒன்றுதான்: கோட்டையிலிருந்து இறங்கியபின் கடல் எப்போதும் உங்கள் இடக்கைப் பக்கம் இருக்கவேண்டும், ஊர் வலக்கைப் பக்கம் இருக்கவேண்டும். அதாவது, கோவிலைச் சுற்றுவதுபோலவே ஊரையும் வலமாகச் சுற்றுகிறோம். இது அழகுக்காகச் சொன்ன ஒப்புமை அன்று. வெயில், காற்று, கோவில் முற்றத்துச் சூடு ஆகிய மூன்றும் இந்தத் திசையையும் இந்த ஒழுங்கையுமே கேட்கின்றன.

எந்த மாதம், எந்த நேரம்

மாசி, பங்குனி, சித்திரை மாதங்களே இந்த நடைக்கு மிகவும் ஏற்றவை. ஒக்டோபர் பிற்பகுதியிலிருந்து ஜனவரி வரை வாடைக்காற்றோடு வரும் மழை, கிழக்குக் கரைக்குரிய மழை; அப்போது கடல் கொந்தளிக்கும், பாறை வழுக்கும், டச் பே மணற்பரப்பு சில இடங்களில் ஒடுங்கிவிடும். மே முதல் செப்டெம்பர் வரை கடல் அடங்கிக் கிடந்தாலும், தரைப்பக்கமிருந்து கச்சான் காற்று வீசும். மழையை மலைநாட்டில் கொட்டிவிட்டு வரும் அந்தக் காற்றில் ஈரம் இல்லை. காலை பத்து மணிக்குப் பிறகு அது முகத்தில் அனல்போல அடிக்கும். அந்த மாதங்களில் நடக்கிறவர்கள் விடியுமுன் புறப்பட்டேயாக வேண்டும்.

எந்த மாதமானாலும் சூரியன் எழும் வேளையை ஒட்டி மலைமேல் நிற்பதுபோல நேரத்தை வகுத்துக்கொள்ளுங்கள். இங்கே ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஆறு மணியை ஒட்டியே பொழுது விடியும். பருவத்துக்குப் பருவம் ஒரு மணித்தியாலம்கூட மாறாது. கோட்டை வாயிலால் எத்தனை மணிக்கு உள்ளே விடுவார்கள் என்பதை முதல் நாள் மாலையிலேயே வாயிலில் கேட்டு வைத்துக்கொள்ளுவது நல்லது. வெள்ளிக்கிழமைகளில் அடியார் கூட்டம் கூடுதலாக இருக்கும். மகா சிவராத்திரி, ஆடி அமாவாசை போன்ற நாட்களில் இந்தச் சுற்றை நினைக்கவே வேண்டாம். அந்நாட்களில் அடியாராகப் போய்வாருங்கள், நடையை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒழுங்கை மாற்றக்கூடாது என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஓர் ஆவணி மாதத்தில், பேக் பேயில் தொடங்கி மலையில் முடிப்போம் என்று எண்ணி எதிர்த்திசையில் நடந்தேன். கோவிலை அடைந்தபோது உச்சிவேளை ஆகியிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு முற்றத்தில் பத்தடி வைப்பதற்குள் உள்ளங்கால் இரண்டும் கொப்புளித்துவிட்டன. சுவரோர நிழலில் ஒதுங்கி நின்று, சன்னிதிவரை போகாமலே திரும்ப நேர்ந்தது. அன்றிலிருந்து மலைதான் எனக்கு முதலிடம்.

கையில் என்ன இருக்கவேண்டும்

ஒருவருக்கு இரண்டு லீற்றர் தண்ணீர் வேண்டும். கோவில் வழியிலும் நகரிலும் வாங்கலாம் என்றாலும், டச் பே தெற்குப் பகுதியிலும் உட்துறைமுகக் கரையிலும் நினைத்த இடத்தில் கடை கிடைக்காது. தொப்பி, துவாய், உப்பும் தேசிக்காயும் கலந்த தண்ணீர் ஒரு சிறு போத்தல், வாழையிலையில் கட்டிய பிட்டோ இடியப்பமோ இருந்தால் போதும். சொதியை மட்டும் தவிர்த்துச் சம்பலாகக் கொண்டுபோங்கள். வெக்கையில் தேங்காய்ப்பால் விரைவில் புளித்துவிடும். கோவிலுக்குள் போவதால் தோளையும் முழங்காலையும் மறைக்கும் உடை கட்டாயம். காலுக்கு, அடிப்பகுதி நன்றாகப் பிடிக்கிற, இலகுவாகக் கழற்றி மாட்டக்கூடிய செருப்பே சிறந்தது. கயிறு கட்டிய சப்பாத்து ஒவ்வொரு இடத்திலும் நேரத்தைத் தின்னும்.

பஸ் நிலையத்திலிருந்து கோட்டை வாயில் வரை

பஸ் நிலையத்தில் தொடங்குவது எல்லோருக்கும் வசதி. அருகே விளையாட்டு மைதானம். அதன் ஓரத்தில் பத்திரகாளி அம்பாள் கோவில். கோபுரத்தின் நிறங்கள் இருளில் தெரியாவிட்டாலும், விடியற்காலையில் உள்ளே மணி அடிக்கும் ஓசை வீதிவரை கேட்கும். மைதானத்தைச் சுற்றிக்கொண்டு கோணேசர் வீதியில் ஏறி கிழக்கு நோக்கி நடந்தால், பத்து நிமிடத்தில் கோட்டை வாயில் வந்துவிடும்.

இந்த வீதியைச் சும்மா கடந்துவிடாதீர்கள். 1950இல், இதன் கோடியில் கிணறு வெட்டியபோதுதான், பழைய கோணேசர் ஆலயத்துக்குரிய செப்புத் திருமேனிகள் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்தன. போர்த்துக்கேயர் கோவிலை இடித்தபோது யாரோ காப்பாற்றிப் புதைத்துவைத்தவை அவை. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஊரார் அந்த மண்ணின்மேல் நடந்து திரிந்திருக்கிறார்கள்.

மைதானத்தின் பக்கத்திலேயே முதலாவது மான்களைக் காண்பீர்கள். கோட்டைக்குள் வாழும் புள்ளிமான்கள் இரவில் நகருக்குள் இறங்கி மேய்ந்துவிட்டு விடியற்காலையில் திரும்பும். மனிதருக்குப் பழகியவை, கைக்கெட்டும் தூரத்தில் நின்று பார்க்கும். பாண், பிஸ்கட் எதுவும் கொடுக்காதீர்கள். உணவின் மணம் ஒட்டிய பொலித்தீன் பைகளை அவை அப்படியே விழுங்கிவிடுகின்றன. வயிற்றில் பொலித்தீன் அடைந்து மான் சாகிறது. பிட்டுக் கட்டிய இலையைக்கூடப் பையிலேயே வைத்துக் கொண்டுவாருங்கள். கொம்பு முற்றிய கலைமானுக்கு மிக அருகில் போகவும் வேண்டாம்.

வாயிற் கல்

கோட்டை வாயிலில் குறைந்தது பத்து நிமிடம் நில்லுங்கள். எல்லோரும் மேலே உள்ள பிரித்தானிய அரச இலச்சினையைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவார்கள். பார்க்கவேண்டியது வாயிற் கட்டட‌த்தில் பதிந்துள்ள கருங்கல். அதில் இரண்டு மீன் உருவங்களும், சிதைந்த தமிழ் எழுத்துகளும் உள்ளன. எழுத்துகளின் மேற்பரப்பு தேய்ந்து, நேர் வெளிச்சத்தில் மங்கிவிடும். காலைக் கதிர் சாய்வாகப் படும்போது பள்ளங்களில் நிழல் விழுந்து வரிகள் மெல்லத் துலங்கும். விரலால் தடவவோ சுண்ணக்கட்டியால் தீட்டவோ கூடாது. ‘முன்னே குளக்கோட்டன்’ என்று தொடங்கி, அந்தப் பழைய மன்னன் மூட்டிய கோவில் திருப்பணியைப் பறங்கி, அதாவது போர்த்துக்கேயர், பிரிக்கும் என்று சொல்லும் பாடல் இந்தக் கல்லோடு சேர்த்தே ஊரில் வழங்கிவருகிறது. பாடல் முழுவதும் கல்லில் இல்லை; கல்லில் எஞ்சியிருப்பவை துண்டுகளே.

அந்தக் கல் ஏன் கோட்டை வாயிலில் இருக்கிறது என்பதே இந்த முனையின் வரலாறு. 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்தார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளில் அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். 1639இல் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினார்கள். 1795இல் பிரித்தானியரிடம் வந்து, 1803இல் யோர்க் கோமகன் பிரட்றிக்கின் பெயரைப் பெற்றது. 1223ஆம் ஆண்டைச் சேர்ந்த, சோடகங்கதேவனின் வருகையைக் கூறும் வடமொழிக் கல்வெட்டுத் துண்டு ஒன்றும் இக்கோட்டைக்குள்ளேயே கிடைத்தது. எனவே, வாயிலின் சுவரைப் பார்க்கும்போது அது கோட்டைச் சுவராக மட்டும் எனக்குத் தெரிவதில்லை.

கோட்டைக்குள் இன்றும் இராணுவ முகாம் உண்டு. பொது வீதியை விட்டு விலகாதீர்கள். முகாம் கட்டடங்களையும் காவலில் நிற்போரையும் படம் எடுக்காதீர்கள். சோதனைக்காகப் பையைத் திறக்கச் சொன்னால் திறந்து காட்டிவிட்டு நடையைத் தொடரலாம்.

மலை ஏற்றம்

வாயிலிலிருந்து கோவில்வரை ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர். வீதி தார் போட்டது, ஏற்றமும் மெதுவானது, முதியவர்கள் கூட நின்று நின்று ஏறலாம். பெரிய மரங்களின் நிழலில் மான்கள் படுத்திருக்கும். பழைய ஆங்கிலேயர் காலக் கட்டடங்களும் வழியில் உண்டு; பின்னாளில் வெலிங்டன் கோமகன் ஆன ஆதர் வெலஸ்லி 1800ஆம் ஆண்டை ஒட்டித் திருகோணமலையில் தங்கியிருந்தபோது வாழ்ந்த வீடு என்று ஒன்றைக் காட்டுவார்கள். கடைசிப் பகுதியில் அர்ச்சனைத் தட்டு, பூமாலை, தேங்காய் விற்கும் கடைகள் இருமருங்கும் வரும். ஏறும்போது மர இடைவெளிகளில் இடப்பக்கம் தெரியும் நீர் பேக் பே. நடையின் கடைசியில் அந்த மணலில்தான் நிற்கப்போகிறோம் என்பதால் அதன் வளைவை இப்போதே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

முதலில் கோவிலுக்குப் போய்விடுங்கள். சம்பந்தர் தேவாரத்தில் கோணமாமலை என்று பாடப்பெற்ற தலம் இது. இடிக்கப்பட்ட ஆலயம் மீண்டும் எழுந்து குடமுழுக்குக் கண்டது 1963இல். அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன், 1956இல், மலையடிவாரக் கடலில் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் மூழ்கிப் பார்த்தபோது, தூண்களும் செதுக்கிய கற்களும் கடலடியில் கிடப்பதைக் கண்டார்கள். பழைய ஆலயத்தின் ஒரு பகுதி இன்றும் நீருக்குள் இருக்கிறது. வழிபாடு முடியும் வேளையில் முற்றம் இன்னும் குளிர்ந்தே இருக்கும்.

பாறை விளிம்பில் நிற்கும் முறை

இந்த நடையின் உயிரான இடம் இதுவே. ஆபத்தான இடமும் இதுவே. சுவாமிமலை கடல்முகத்தில் நூறு மீற்றரளவுக்குச் செங்குத்தாக இறங்குகிறது. கோவிலை ஒட்டிய பாறையில், வாளால் பிளந்ததுபோல நெடுக விழுந்திருக்கும் பிளவுதான் இராவணன் வெட்டு. தாயின் வழிபாட்டுக்காகக் கோணேசர் மலையையே பெயர்த்துச் செல்ல முயன்ற இராவணன் வெட்டிய வெட்டு என்பது ஐதீகம். அருகே கைகூப்பி நிற்கும் இராவணன் சிலையும் உண்டு.

வேலிக்கு அப்பால் ஓர் அடியும் வைக்கவேண்டாம். வெயிலில் உலர்ந்ததாகத் தெரியும் பாறை, அலைத்தூவலின் உப்பும் நுண்பாசியும் படிந்து சோப்புப் போட்டதுபோல வழுக்கும். அதிலும் கோவிலுக்கு வருகிறவர்கள் வெறுங்காலோடு, ஈரப் பாதத்தோடு நிற்பார்கள். காற்றைப் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டும்: கச்சான் தரையிலிருந்து கடலுக்கு வீசுவது, விளிம்பில் நிற்பவரின் முதுகில் பட்டு முன்னே தள்ளும். வாடை கடலிலிருந்து வந்து பாறையில் மோதி மேலே எழும்பும். சேலைத் தலைப்பையும் தொப்பியையும் முகத்தில் அடித்துக் கண்ணை மறைக்கும். ஆகவே எந்தக் காற்றானாலும், படம் எடுப்பதற்கு முன் முதலில் கால்களை அகட்டி நின்று, ஒரு கையால் வேலிக் கம்பியைப் பற்றிக்கொண்டு, அதன் பிறகே மற்றக் கையால் தொலைபேசியை எடுங்கள். பார்த்துக்கொண்டே பின்னால் நகர்வது இங்கே பெருந்தவறு. பிள்ளைகளோடு வந்தால், ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று முன்கூட்டியே பிரித்துக்கொள்ளுங்கள். ‘நான் பார்ப்பேன், நீங்கள் பார்ப்பீர்கள்’ என்று எல்லோரும் இருந்தால் ஒருவரும் பார்ப்பதில்லை.

நின்று நிலைப்பட்டபின், கீழே பார்ப்பதற்குமுன் எதிரே பாருங்கள். வேலியோரத்து மரக்கிளைகளில் பிள்ளைவரம் வேண்டியவர்கள் கட்டிய சிறு தொட்டில்கள் தொங்கும். ஒரு தொட்டில் என் உள்ளங்கை அளவே இருந்தது: நாலு மூலையிலும் நூல் முடிந்த சிவப்புத் துணி, காற்று வீசும்போதெல்லாம் உள்ளே குழந்தை இருப்பதுபோலவே ஆடிக்கொண்டிருந்தது. அந்தக் கிளைகளைத் தள்ளிவிட்டு எட்டிப் பார்ப்பதோ, படம் நன்றாக வரவேண்டும் என்று தொட்டில்களை நகர்த்துவதோ ஆகாது.

கண்ணை மெல்லத் தெற்கே திருப்பினால், டச் பேக்கு அப்பால் துறைமுக வாயிலைக் காக்கும் மலைகளும், அவற்றுக்கு அப்பால் கொட்டியாரக் குடாவும். இலங்கையின் மிக நீளமான ஆறாகிய மகாவலி கங்கை, மத்திய மலைநாட்டில் பிறந்து, 335 கிலோமீற்றர் ஓடி, மூதூரை அடுத்து அந்தக் குடாவில்தான் கடலோடு கலக்கிறது. குடாவின் அடியிலிருந்து ஆழ்கடலை நோக்கிச் செல்லும் பெரும் பள்ளத்தாக்கு ஒன்று கரைக்கு மிக அருகிலேயே தொடங்குகிறது. இந்தக் கடலுக்குத் திமிங்கிலங்கள் வருவதற்கு இந்த ஆழம் ஒரு காரணம். மார்ச் முதல் ஆகஸ்ட் வரையான மாதங்களில் காலைக் கடல் கண்ணாடிபோல இருக்கும் நாளில், தொலைவில் ஒரு வெண்தூவல் எழுந்து, சற்று நின்று, கலைந்துவிடுவதைக் காண வாய்ப்புண்டு. அலை நுரை கிடைமட்டமாக ஓடும்; திமிங்கில மூச்சு நேராக மேலெழும். வேறுபாடு அவ்வளவுதான். அதற்கு ஒரு கால்மணி நேரமாவது ஒரே திசையைப் பார்த்து நிற்கும் பொறுமை வேண்டும்.

ஒல்லாந்தர் காலத் தூண் ஒன்றும் இம்மலையில் உண்டு. 1687ஆம் ஆண்டு பொறித்த அத்தூண் பிரான்சினா வான் ரீட் என்ற பெண்ணின் நினைவாக நிறுத்தப்பட்டது. காதலன் கைவிட்டுக் கப்பலேறியதால் அவள் இங்கிருந்து குதித்தாள் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். ஒல்லாந்தப் பதிவுகளின்படி அவள் அதன் பின்னரும் வாழ்ந்து மணம் செய்துகொண்டவள். குதித்த கதையை இந்த விளிம்பில் நின்றுகொண்டு இளையோருக்குச் சொல்லவேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

டச் பே

ஏழரை மணியளவில் மலையை விட்டு இறங்கத் தொடங்குங்கள். வந்த வழியே கோட்டை வாயிலுக்கு மீண்டு, வெளியே வந்ததும் இடப்பக்கம் திரும்பினால் மணலில் கால் பதியும். இனித்தான் அந்த விதி தொடங்குகிறது: கடல் இடக்கைப் பக்கம்.

டச் பே பிறைபோல வளைந்த குடா. மேல்மணல் காலை வாங்கும். நீரை ஒட்டிய ஈரமணல் இறுகி இருக்கும், அங்கே நடப்பது இலகு. இங்கே ஏற்றவற்றம் ஒரு மீற்றருக்கும் குறைவு என்பதால் நேரம் பார்த்து வரவேண்டிய தேவை இல்லை. வாடைக்கால அலையைத்தான் பார்க்கவேண்டும். ஓர் அலை முந்தியதைவிட ஐந்தாறு மீற்றர் மேலேறி வருவது அந்த மாதங்களில் வழமை. அப்போது மணலை விட்டு வீதியால் நடவுங்கள், குளிக்கவும் இறங்காதீர்கள். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை இந்தக் கரைகளையும் தாக்கியது. கடல் வழமைக்கு மாறாக உள்வாங்கினாலோ நிலம் அதிர்ந்தாலோ, கோட்டை மேடே அருகிலுள்ள உயரமான இடம் என்பதை நினைவில் வைத்திருங்கள்.

மணலின் மேல்விளிம்பில் அடம்பன் கொடி படர்ந்திருக்கும். ஊதாப் பூக்கள் காலையில்தான் முழுதாக விரிந்திருக்கும். கொடி மணலைப் பிடித்து நிறுத்துவதால், அதைத் தவிர்த்து நடப்பது நல்லது. ‘அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு’ என்று சொன்னவர்கள் அதை இழுத்துப் பார்த்தே சொல்லியிருப்பார்கள். ஏதாவது ஒரு மரநிழலில் காலையுணவை முடித்துக்கொள்ள இதுவே இடம். சாப்பிட்டுக்கொண்டு திரும்பிப் பார்த்தால் சுவாமிமலையின் தெற்குப் பக்கம் முழுவதும் தெரியும்: கீழே அலை அறுத்த கறுத்த பாறை, நடுவே பற்றைகள், உச்சியில் கோவில். நீங்கள் பற்றிக்கொண்டு நின்ற வேலி அங்கே ஒரு கோடாகக்கூடத் தெரியாது.

குடாவின் தெற்கு முனைவரை போக எண்ணாதீர்கள். அப்பால் கடற்படைத் தளம். பொதுமக்கள் நுழைய முடியாது. பலகைகள் தென்படுமுன்னரே, வீடுகள் நெருங்கிய பகுதியில் வலப்பக்கம் உள்ள ஒழுங்கை ஒன்றால் டைக் வீதிக்கு ஏறி, மேற்கு நோக்கி ஊரைக் குறுக்கறுத்து நடவுங்கள். பழைய ஓட்டு வீடுகள், தேவாலயம், பாடசாலைச் சுவர்கள் என்று பதினைந்து நிமிடத்தில் மறுகரை வந்துவிடும். வழியில் ஒரு தேத்தண்ணீர்க் கடையில் பிளேன்டி குடித்து, தண்ணீர்ப் போத்தலையும் நிரப்பிக்கொள்ளுங்கள்.

உட்துறைமுகம்

டச் பேயின் இரைச்சலைக் கேட்டுவிட்டு இங்கே வருகிறவருக்கு முதலில் படுவது அமைதி. அதே கடல்தான். ஆனாலும் உட்துறைமுகத்து நீர், கோடைகாலத்து ஆற்றைப்போல அசைவற்றுக் கிடக்கும். உட்துறைமுக வீதியின் ஓரமாக வடக்கு நோக்கி நடக்கும்போது, எதிர்க்கரை மலைகள் ஆற்றின் அக்கரைபோலவே தோன்றும். ஆற்றங்கரை நடையை விரும்புகிறவர்களுக்கு இந்த நகரில் அதற்கு நிகரான இடம் இதுதான். கரையில் கட்டிய சிறு வள்ளங்கள் ஆடாமல் நிற்கும். நீர்க்காகம் ஒன்று கம்பத்தில் இறக்கையை விரித்து உலர்த்தும். செம்பருந்து நீரைத் தொட்டும் தொடாமலும் தாழ்ந்து செல்லும்.

இந்த அமைதிக்காகத்தான் அத்தனை பேரும் சண்டையிட்டார்கள். வாடைக் காலத்தில் நாகபட்டினம் முதல் சென்னை வரையான கரையில் பாய்க்கப்பல்களுக்கு ஒதுங்க இடமில்லை. வங்காள விரிகுடாவின் இந்தப் பக்கத்தில் எந்தக் காற்றுக்கும் அடங்கிய ஆழமான துறை திருகோணமலையே. 1782இல் மட்டும், ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்தார்கள். ஓகஸ்டில் ஆங்கிலேயரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் பிடித்தார்கள். 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் குண்டு வீசியதும் இந்தத் துறைமுகத்தின் மீதே. கோட்டையைப் பார்த்துவிட்டு இதைப் பார்க்காமல் போகிறவர், பூட்டைப் பார்த்துவிட்டுப் பெட்டகத்தைப் பார்க்காமல் போகிறவர்.

ஒன்பது மணி ஆகியிருக்கும். காலில் வலு இருந்தால் உவர்மலைச் சரிவில் சிறிது ஏறிப் பார்க்கலாம். வீடுகளுக்கிடையே துறைமுகத்தின் கை கால்கள்போல நீர் உள்ளே புகுந்திருப்பது தெரியும். களைத்திருந்தால் இதை விட்டுவிடுங்கள். நிழல் குறைந்த பகுதி இது; தலைச்சுற்றோ கையில் கூச்செறிவோ தோன்றினால் முச்சக்கரவண்டி ஒன்றை மறித்து பஸ் நிலையம் போய்விடுவதே அறிவு. சுற்றின் நடுவே எந்த இடத்தில் நின்றாலும் பஸ் நிலையத்துக்கு அதிக தூரம் இல்லை என்பது இந்த நடையின் பெரிய வசதி.

பேக் பே

உட்துறைமுகத்தை விட்டு வடகிழக்காக நகரைக் கடந்து, புகையிரத நிலையப் பக்கமாகப் போனால், மீண்டும் அலை ஓசை கேட்கும். நகரப் பகுதி பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வாகன நெரிசல் உண்டு, வீதியின் வலப்பக்கமாக, எதிரே வரும் வாகனம் தெரிய நடவுங்கள். கடற்கரையை அடைந்ததும் வலப்பக்கம், அதாவது தென்கிழக்காகத் திரும்புங்கள். கடல் இப்போதும் இடக்கைப் பக்கமே.

பேக் பே உல்லாசக் கடற்கரை அன்று. தொழில் நடக்கும் கரை. திருக்கடலூர்ப் பக்கமாக வள்ளங்கள் வரிசையாக ஏற்றி வைத்திருப்பார்கள், வலை உலர்த்துவார்கள். வலைமேல் காலை வைக்காதீர்கள், கயிற்றைத் தாண்டாமல் சுற்றிப் போங்கள். கடல் அடங்கிய மாதங்களில் கரைவலை இழுப்பதைக் காணலாம். ஒரு முனையைக் கரையில் விட்டுவிட்டு, வள்ளத்தில் வலையை அரைவட்டமாக வளைத்துப் போட்டு, மறுமுனையைத் தொலைவில் கரைக்குக் கொண்டுவருவார்கள். பிறகு இரண்டு கூட்டமாக நின்று இழுப்பார்கள். இழுக்க இழுக்க இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று நெருங்கும். மீன் சேரும் வலைப்பையான மடி கரையை அடைய ஒரு மணித்தியாலத்துக்கு மேல் செல்லும்.

ஒருமுறை கயிற்றின் கடைசியில் நின்ற பெரியவரிடம் நானும் பிடிக்கலாமா என்று கேட்டேன். “பிடியுங்கோ தம்பி, ஆனா கையால இழுக்காதேங்கோ, இடுப்பால இழுக்கோணும்” என்றார். அவர் கயிற்றை உடலோடு சாய்த்து, குதியை மணலில் ஊன்றி, பின்னோக்கி அடிவைத்தார். நான் பத்து நிமிடம் பிடித்ததிலேயே உள்ளங்கை சிவந்துவிட்டது. நனைந்த கயிற்றில் நுண்மணல் ஒட்டியிருப்பதால் அது அரத்தைப்போலத் தோலைச் சீவும். மடியில் சாளையும் சூடையும் வெள்ளிக்காசு கொட்டியதுபோலத் துள்ளின. நடுவே பாரை இரண்டு. விரும்பினால் நீங்களும் கேட்டுப் பார்க்கலாம். கேளாமல் தொடவேண்டாம், முகத்துக்கு நேரே தொலைபேசியை நீட்டிப் படம் எடுக்கவும் வேண்டாம்.

இங்கிருந்து தென்கிழக்கே பார்த்தால் சுவாமிமலையின் வடக்குப் பக்கம் தெரியும். காலையில் கண்ட தெற்கு முகத்தைவிட இது நீண்டு, கடலுக்குள் படுத்திருப்பதுபோல இருக்கும். கரையோரமாகக் கோட்டைச் சுவரை நெருங்கும்வரை நடந்து, முகாம் எல்லை வருமுன் வலப்பக்கம் வீதிக்கு ஏறிவிடுங்கள். ஐந்து நிமிடத்தில் கோணேசர் வீதி. அங்கிருந்து வந்த வழியே மைதானம், பத்திரகாளி அம்பாள் கோவில், பஸ் நிலையம். பதினொரு மணிக்குமுன் வந்து சேர்ந்தால் நேரத்தைச் சரியாக வகுத்திருக்கிறீர்கள். ஒரு செவ்விளநீரை வெட்டச் சொல்லி நிழலில் உட்காருங்கள். மைதான ஓரத்து மான்களும் அந்நேரம் மரத்தடியில் ஒதுங்கி அசைபோட்டுக்கொண்டிருக்கும்.